நோயும் நோவும்

நோ, நோவு, நோய் என்னும் மூன்று சொற்களும் தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பழந்தமிழ்ப் புலவன் 'நோய்' என்று பாடியபோது உடலைப் பற்றிய பிணியை மட்டும் கருதினானல்லன். உள்ளத்தை வருத்தும் துன்பமும் அவனுக்கு நோயே. நம் ஊர்ப் பேச்சில் இன்றும் 'வயிறு நோகுது' என்கிறோம். 'அவன் சொன்ன சொல் நோகுது' என்றும் சொல்கிறோம். ஆயின் நவீன மருத்துவம் வளர்ந்த காலத்தில் இச்சொற்குடும்பம் பாகம் பிரிந்துவிட்டது. நோய் என்பது வைத்தியருக்கு உரியதாயிற்று. ஆய்வுகூடத்திற் காட்டக்கூடியதும் பெயரிடக்கூடியதும் கோவையிற் பதியக்கூடியதும் அதுவே. நோவு நோயாளிக்கு உரியதாய் நின்றுவிட்டது. அவர் வாய்ச்சொல்லன்றி அதற்கு வேறு சாட்சி இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் ஒருவர் பல ஆண்டுகள் வாழ நேருமாயின், அவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை யாது? இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா இதுவே.

பிறருடைய நோவை எங்ஙனம் அறிகிறோம் என்பதை மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஒருவருடைய பல்வலியை மற்றொருவர் உணர்தல் இயலாது. முகத்தைக் கண்டும் சொல்லைக் கேட்டும் ஊகிக்கவே இயலும். ஊகம் பிழைக்கலாம்; ஆதலால் நிச்சயமான அறிவு இல்லை என வாதிப்போர் உளர். இவ்வாதம் ஏட்டில் எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றினும் வாழ்க்கையில் அவ்வாறு இல்லை. மேலதிகாரி தலையிடி என்று சொன்னால் எவரும் அத்தாட்சி கேட்பதில்லை. தொழிலாளி சொன்னால் வைத்தியச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. எனவே பிறர் நோவைப்பற்றிய ஐயம் அறிவாராய்ச்சிப் பிரச்சினை மட்டுமன்று. யார் யாரை ஐயுறும் அதிகாரம் பெற்றுள்ளனர் என்னும் சமூகப் பிரச்சினையுமாகும்.

இதனை ஒரு குறிப்பிட்ட நோயின் வரலாற்றைக்கொண்டு நோக்குவது பயனுடைத்து. அடினோமயோசிஸ் என்பது அந்நோயின் பெயர். பெண்களின் கருப்பையில் உண்டாவது அது. பெயர் நம்முட் பலருக்குப் புதிதாகலாம். ஆனால் அது தரும் நோவு நம் வீடுகளுக்குப் புதிதன்று. இலக்கியப் பத்திரிகையிற் கருப்பையைப்பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போரும் இருக்கக்கூடும். அம்முகச்சுளிப்பும் நாம் ஆராயவேண்டிய பொருளின் ஒரு பகுதியே. பேசத்தகாதது என ஒதுக்கிய ஒன்றைப்பற்றி ஒருத்தி பேசாதிருந்தாள் என்பதற்காக, அவளுக்கு நோவே இல்லை என்று தீர்ப்பளிப்பது எவ்வகை நியாயம்?

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். கருப்பையின் உட்புறத்தை ஓர் இழையம் போர்த்தியிருக்கின்றது. சுரப்பிகளையும் அவற்றைத் தாங்கிநிற்கும் கலங்களையும் கொண்ட இவ்வகவணி, மாதந்தோறும் ஓமோன்களின் ஏவலால் தடித்து, கரு தங்காதவிடத்து உதிர்ந்து, குருதியோடு வெளியேறுகின்றது. உதிர்வது மேற்படலமே, அடிப்படலம் எஞ்சி நின்று அடுத்த மாதத்துக்குரியதை மீண்டும் வளர்க்கின்றது. அகவணிக்கு அப்பால் உள்ளது தடித்த தசைச்சுவர். குடல் முதலிய உறுப்புகளில் உட்படலத்துக்கும் தசைக்கும் இடையே தனியான ஓர் இணைப்பிழையப் படை உண்டு. கருப்பையில் அத்தகைய படை இல்லை. அகவணி தசையின்மேல் நேராகவே அமர்ந்திருக்கின்றது. அடினோமயோசிஸ் நோயில் அகவணிக்குரிய சுரப்பிகளும் கலங்களும் அவ்வெல்லையைக் கடந்து தசைக்குள்ளே காணப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்த தசை தடித்துப் பருக்கின்றது. நாளடைவிற் கருப்பை முழுவதுமே பெருத்துவிடலாம். அழற்சியும், புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்களின் மிகுதியும், தசையின் முறையற்ற சுருக்கங்களும் கூடி மாதவிடாய்க் காலத்திற் கடும் நோவை விளைவிக்கின்றன. குருதிப்போக்கு மிகுகின்றது. சிலருக்குக் கருத்தரிப்பதும் தடைப்படுகின்றது. இது புற்றுநோயன்று, உயிரை உடனே கவர்வதுமன்று. ஆயினும் மாதந்தோறும் வாழ்க்கையின் சில நாட்களைப் பறித்துக்கொள்ளும்.

இவ்விழையம் தசைக்குள் எவ்வாறு சென்றது என்பதற்கு அறிஞர் கூறும் விளக்கங்களுள் இரண்டு முக்கியமானவை. அகவணியின் அடிப்படலமே கீழ்நோக்கி வளர்ந்து தசையினுட் புகுகின்றது என்பது ஒன்று. கருப்பை ஓயாது அசையும் உறுப்பு. அவ்வசைவினாலும், பிள்ளைப்பேறு, கருப்பையைச் சுரண்டித் துப்புரவாக்கல், வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்தல் முதலியவற்றாலும், அகவணியும் தசையும் சந்திக்கும் எல்லையில் நுண்ணிய காயங்கள் ஏற்படலாம். காயத்தை ஆற்றும் பணியில் அவ்விடத்திலேயே ஈஸ்திரசன் என்னும் ஓமோன் உற்பத்தியாகின்றது. அது அசைவை மேலும் தூண்டுகின்றது. அசைவு புதிய காயத்துக்கு வழிகோலுகின்றது. இவ்வாறு ஆற்றும் தொழிலே ஊறுசெய்யும் தொழிலாக மாறுகின்றது என்பர். மற்றைய விளக்கம் இதற்கு வேறானது. முளைய வளர்ச்சியின்போது கருப்பையை உருவாக்கிய குழாய்களின் எச்சக் கலங்கள் தசைக்குள்ளே தங்கிநின்று, பிற்காலத்தில் அகவணியின் இழையமாக உருமாறுகின்றன என்பது அது. 2019 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் சிலர், இந்நோயுற்ற இழையங்கள் பலவற்றிற் கேராஸ் என்னும் பரம்பரையலகில் விகாரம் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். எல்லா நோயாளர்க்கும் பொருந்தும் ஒரே முடிவு இன்னும் எட்டப்படவில்லை. வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவையாகவும் இருக்கலாம்.

இவ்விளக்கங்களுள் எது வெல்லினும் ஓர் உண்மை தெளிவு. தசைக்குள்ளே காணப்படுவது எங்கிருந்தோ வந்த நச்சுப்பொருளன்று. உடலுக்குச் சொந்தமான இழையமே, தனக்குரியதல்லாத இடத்தில் இருக்கின்றது. பெண்ணின் நடத்தைக்கோ மனத்துக்கோ அவள் முன்வினைக்கோ இதில் யாதொரு பங்கும் இல்லை. நம் சமூகத்தில் கருப்பையின் கோளாறு எதுவாயினும் முதலில் ஒழுக்கத்தோடும், பின்னர் விதியோடும், இறுதியில் மலட்டுத்தன்மை என்னும் வசையோடும் சேர்த்துப் பேசப்படுவது வழக்கம். காரணத்தை அறிவதனால் நாம் பெறும் முதற்பயன், குற்றஞ்சுமத்தும் இவ்வழக்கம் நீங்குதலாகும்.

இனி, இந்நோய் அறியப்பட்ட வரலாற்றைக் காண்போம். வியன்னா நகரில் ஆயிரக்கணக்கான பிணங்களை அறுத்துச் சோதித்த நோயியலறிஞர் கார்ல் வொன் றொக்கிற்றான்ஸ்கி, கருப்பையின் தசையினுள்ளே சுரப்பிகள் காணப்படுவதை 1860 இல் விவரித்தார். 1896 இல் ஸ்திராஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் றெக்லிங்ஹவுசன், இவை பெரும்பாலும் முளையப் பருவத்து எச்சங்களிலிருந்து தோன்றியவை என வாதித்தார். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் யோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் கலென் என்பவர், சுரப்பிகள் அகவணியிலிருந்து தொடர்ச்சியாகத் தசைக்குட் செல்வதைத் துண்டு துண்டாக வெட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கி, 1908 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 'அடினோமயோசிஸ்' என்னும் பெயரை 1925 இல் வழங்கியவர் ஒஸ்கார் பிராங்கிள். கிரேக்க வேர்ச்சொற்களின்படி அது 'சுரப்பி', 'தசை' என்பவற்றைக் குறிக்கும். நுணுக்குக்காட்டியிற் கண்டதைச் செம்மையாகக் குறிக்கும் பெயர் அது. அதனாற் பெண் படும் துன்பத்தைப்பற்றி அப்பெயர் ஒன்றும் கூறவில்லை.

இவர்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஐயுற்றுச் சோதித்த இவர்களது உழைப்பினாலேயே இந்நோயை இன்று அறிகிறோம். ஆனால் இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடு பொதிந்து கிடக்கின்றது. தசைக்குள்ளே மறைந்திருக்கும் இழையத்தைக் காணத் தசையை வெட்டவேண்டும். தசையை வெட்டிப்பார்க்கக் கருப்பையை வெளியே எடுக்கவேண்டும். பெயரிடப்பட்ட பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஒருத்திக்கு இந்நோய் உண்டென்று உறுதியாகக் கூறத்தக்க காலம் அவளது கருப்பை உடலைவிட்டு நீங்கிய பின்னரே வந்தது. அதாவது அவள் சொன்னது மெய்யென்று சான்று கிடைத்த நாளில், அச்சான்று பயன்படவேண்டிய உறுப்பு அவளிடம் இல்லை.

சான்று பெறும் முறை நோயைப்பற்றிய அறிவையே கோணலாக்கிற்று. இது நாற்பது வயதைக் கடந்த, பிள்ளைகள் பெற்ற பெண்களின் நோய் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்பது உண்மையே. ஆயினும் யாருடைய கருப்பைகள் வெட்டிச் சோதிக்கப்பட்டன என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். இனிப் பிள்ளை வேண்டாம் என்ற நிலையை அடைந்த, நாற்பதை அண்டிய தாய்மாருக்கே வைத்தியர்கள் அச்சத்திரசிகிச்சையைச் செய்தனர். பத்தொன்பது வயது மாணவியின் கருப்பையை எவர் அகற்றுவர்? அவளிடம் தேடப்படாததால் அவளிடம் காணப்படவில்லை. காணப்படாததால் அவளுக்கு அது வராது என்று எழுதப்பட்டது. அகற்றப்பட்ட கருப்பைகளிலும் இந்நோய் காணப்பட்ட அளவு ஆய்வுக்கு ஆய்வு நூற்றுக்கு 5 முதல் 70 வரை வேறுபட்டது. 1972 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அகற்றப்பட்ட 200 கருப்பைகளிலிருந்து வழக்கத்துக்கு மேலதிகமான துண்டுகளை வெட்டி நோக்கியபோது, நோய் கண்டவை ஏறக்குறைய இருமடங்காயின. நோய் கூடவில்லை, தேடல் கூடியது.

1980களில் எம்.ஆர்.ஐ. படம் வந்தது. அகவணிக்கும் தசைக்கும் இடைப்பட்ட எல்லைப்பகுதியை வெட்டாமலே காணமுடிந்தது. ஸ்கான் கருவிகளும் திருத்தம் பெற்றன. ஸ்கானில் இந்நோய் காட்டும் அடையாளங்களைப் பல நாட்டு நிபுணர் கூடி 2015 இல் வரையறுத்து, 2022 இல் மேலும் திருத்தினர். கருவி மாறியதும் நோயின் முகமும் மாறியது. இருபது வயதினரிடத்தும் பிள்ளை பெறாதவரிடத்தும் அது காணப்பட்டது. அவர்களுக்கு அது புதிதாக வந்ததன்று. அவர்கள் தமது நோவைச் சொல்லிக்கொண்டே இருந்தனர். சொன்னதற்குப் பொருத்தமான படம்தான் இல்லாதிருந்தது.

இவ்விடத்தில் எமது சொந்தக் குற்றம் ஒன்றையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. நாம் கற்பிக்கும் பாடசாலையிற் கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவர் மாதந்தோறும் இரண்டு நாள் லீவு எடுப்பார். வராத ஆசிரியர்களின் பாடங்களைப் பிறருக்குப் பங்கிட்டு அட்டவணை எழுதும் பொறுப்பு அக்காலத்தில் எம்மிடம் இருந்தது. 'ரீச்சரின் லீவைப் பார்த்தால் கலண்டர் தேவையில்லை' என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்ல, ஏனையோர் சிரிப்பர். நாமும் சிரித்தோம். லீவுப் புத்தகத்திற் 'சுகவீனம்' என்று அவர் எழுதிய சொல்லுக்கருகே பென்சிலால் ஒருமுறை கேள்விக்குறியும் இட்டோம். அவர் வாதாடவில்லை. வயிற்றுக்குத்து என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். ஒரு வைத்தியர் குடற்புண் என்றாராம்; இன்னொருவர் மனத்தை ஆறுதலாக வைத்திருக்கும்படி சொன்னாராம்; பிள்ளை பிறந்தால் மாறிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களாம். இரண்டு பிள்ளைகள் பிறந்தன, நோவு மாறவில்லை. நாற்பத்திரண்டாம் வயதிற் கருப்பையை அகற்றினார்கள். சில வாரங்களுக்குப் பின்னர் ஆய்வுகூட அறிக்கை வந்தது. லீவு விபரங்களை ஒப்படைக்க வந்த நாளில் அவ்வறிக்கையை மேசைமீது வைத்தார். அடினோமயோசிஸ் என்னும் சொல்லை நாம் முதன்முதலிற் படித்தது அப்பொழுதுதான். அவர் கோபிக்கவில்லை. 'முந்தி இந்தக் கடதாசி இருந்திருந்தால் லீவு கேக்க வெக்கப்பட்டிருக்க மாட்டன், சேர். இப்ப கடதாசி இருக்கு, லீவு தேவையில்லை' என்றார்.

அச்சத்திரசிகிச்சை தவறென்று நாம் கூறவில்லை. அது அவருக்கு நோவிலிருந்து விடுதலை அளித்தது; அவரே விரும்பிச் செய்துகொண்டார். தவறு வேறிடத்தில் இருந்தது. ஆய்வுகூடம் கேட்கவேண்டிய சான்றை ஆசிரியர் அறை கேட்டது. நோயியலறிஞரின் ஐயத்தை லீவுப் புத்தகம் எழுதுபவன் இரவல் வாங்கிக்கொண்டான். அறிஞரின் ஐயம் அவரை மேலும் தேடச் செய்தது. எமது ஐயமோ தேடலை நிறுத்துவதற்குக் கிடைத்த வசதியாக இருந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் பண்பு ஒன்றன்று.

இங்கு இரு வினாக்களைப் பிரித்துணர்தல் வேண்டும். இந்நோவுக்குக் காரணம் யாது என்பது ஒன்று. இவர் நோகின்றாரா என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்குச் சான்றின்றி விடைகூறுதல் ஆகாது. எவ்வளவு அன்புடையவராயினும் வைத்தியர் ஊகத்தின்மேற் கத்தியை எடுத்தல் கூடாது. பகுத்தறிவுவாதிகளாகிய நாம் இதில் விட்டுக்கொடுப்பதற்கு யாதுமில்லை. ஆனால் இரண்டாவது வினாவுக்குச் சான்று அவருடைய சொல்லே. காரணம் தெரியவில்லை என்பதிலிருந்து நோவு இல்லை என்னும் முடிவுக்குத் தாவுவது அறிவியலன்று. தருக்கத்தில் மாணவன் செய்தால் நாம் சிவப்பு மையாற் கோடிடும் பிழை அது. 1860 இற்கு முன்னரும் பெண்கள் இதனால் துன்புற்றிருப்பர் என்பதில் ஐயமில்லை. றொக்கிற்றான்ஸ்கி விவரித்த நாளில் அவர்களுடைய நோவு மெய்யாக மாறிவிடவில்லை. அது முன்னரே மெய்யாக இருந்தது.

படம் எடுக்கும் கருவி வந்துவிட்டதே, இனி எவர் சொல்லையும் நம்பவேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். இங்கேதான் இந்நோய் நமக்கு மற்றுமொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. தசைக்குள் இழையம் பரந்துள்ள பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் யாதொரு துன்பமும் உணர்வதில்லை. சிறிதளவே பரந்துள்ளவர் சிலர் கடும் நோவினால் எழமுடியாது கிடக்கின்றனர். படம் இழையத்தைக் காட்டும். நோவை அளந்து காட்டாது. ஆகவே கருவிகள் எவ்வளவு வளர்ந்தாலும் நோகின்றவரின் சொல்லுக்கு ஈடாக நிற்கும் சான்று ஒன்று இல்லை. நம்பவேண்டிய கடமை மருத்துவம் பின்தங்கியிருந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று.

எல்லோரையும் நம்பினால் பொய் சொல்வோர் பெருகுவர் என்பது நிருவாகிகள் வழக்கமாகக் கூறும் மறுப்பு. பொய்யர் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரு பிழைகளையும் தராசில் இட்டுப் பார்த்தல் வேண்டும். பொய்யை நம்பினால் பாடசாலைக்கு இழப்பு சில பாடவேளைகள். மெய்யை நம்பாவிடின் இழப்பு ஒருவருடைய இருபது ஆண்டுகள். மேலும் நம்பப்படாதவர் தம்மையே நம்பாதவராகிவிடுகின்றார். 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, எனக்குத்தான் பொறுக்கத் தெரியவில்லை' என்று எண்ணத் தலைப்படுகின்றார். அதன்பின் வைத்தியரிடம் செல்வதும் நின்றுவிடுகின்றது. ஒருவர் சார்ந்த குலம், பால், வர்க்கம் என்பவற்றைக்கொண்டு அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை மிராண்டா பிறிக்கர் என்னும் ஆங்கிலேய மெய்யியலாளர் 2007 இல் வெளியிட்ட நூலில் ஒரு தனி அநீதியாகவே வகுத்துக் காட்டினார். கூலியிற் செய்யும் அநீதியைப்போன்று சொல்லிற் செய்யும் அநீதியும் உண்டு. முன்னதைப்பற்றி மேடைகளிற் பேசும் நாம் பின்னதை வீட்டிலும் பாடசாலையிலும் செய்துவருகிறோம்.

இவ்விரு அநீதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதற்கு இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் பீட் மாவட்டம் கொடிய சான்றாகும். அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடையே, 2019 இல் மாநில அரசு நியமித்த குழு விசாரணை நடத்தியது. விசாரிக்கப்பட்ட ஏறக்குறைய 82,000 பெண்களுள் 13,000 இற்கு மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. அவர்கள் யாவரும் அடினோமயோசிஸ் நோயாளரல்லர். நோய் யாதென்று செம்மையாகச் சோதிக்கப்படாதவரே பலர். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடின் ஒப்பந்தக்காரன் தண்டம் அறவிடுவான். மாதவிடாய் என்றால் ஓய்வில்லை. வயலருகே நீர் இல்லை, மறைவிடம் இல்லை. ஓய்வு கொடுக்க மறுத்த தொழில்முறைக்கு உறுப்பையே கொடுத்துவிட்டு அப்பெண்கள் மீண்டும் வயலுக்குச் சென்றனர். வியன்னாவிற் சான்றுக்காக நோக்கப்பட்ட உறுப்பு, பீட்டில் நாட்கூலிக்காக அகற்றப்பட்டது. இரண்டிடத்தும் அவள் சொல்லைக் கேட்டு, அவளுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பதே மிகக் கடினமான காரியமாக இருந்திருக்கின்றது.

இத்தகைய தொழில்முறை நம் நாட்டிலும் இல்லாமலில்லை. மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண், குறித்த நிறை கொழுந்து பறிக்காவிடின் அவள் நாள் 'அரைப்பேர்' ஆகிவிடும். அவள் ஏன் குறைவாகப் பறித்தாள் என்று தராசு கேட்பதில்லை. 1978 இற் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில், ஒரு நாள் வராதவளின் வரவுக் கொடுப்பனவு வெட்டப்படுவது வழக்கமாயிற்று. இப்பெண்களின் நிலையைச் சிறு கணக்கொன்றினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட குருதி சென்றால் அதனை மிகைப்போக்கு என்பர். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே மாதந்தோறும் 40 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு உடலைவிட்டுப் போகின்றது. வழக்கமான உணவிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே போய்விடும். றொட்டியும் தேநீருமாக நாளைக் கழிப்பவள் இக்கடனை எவ்வாறு அடைப்பாள்? குருதிச்சோகை அவளைத் தளர்த்துகின்றது. தளர்ந்தவள் குறைவாகப் பறிக்கின்றாள். குறைவாகப் பறித்தவளுக்குக் கூலி குறைகின்றது. கூலி குறைந்தவள் இன்னும் குறைவாக உண்கின்றாள். இச்சுழலைக் கங்காணியின் மொழியிற் 'சோம்பல்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடலாம்.

எனவே நம்புதல் என்பது உள்ளத்தில் நிகழும் இரக்கம் மட்டுமாக இருத்தல் போதாது. அது நேரத்திலும் கூலியிலும் வசதியிலும் காணப்படவேண்டும். சான்றிதழ் கேட்காத இரண்டு நாள் ஓய்வு, வேலைத்தலத்தில் நீரும் மலசலகூடமும், கிராம வைத்தியசாலையில் ஒரு ஸ்கான் கருவியும் அதனைப் படிக்கத் தெரிந்தவரும் என்பன நம்பிக்கையின் பொருள்வடிவங்கள். இவையில்லாத இடத்தில் 'உன் துன்பம் எமக்குப் புரிகிறது' என்று சொல்வது வெறும் உபசாரம். தொழிற்சங்கங்கள் தமது கோரிக்கைப் பட்டியலில் இவற்றைக் கடைசி வரியில் எழுதுவதும், பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் நிற்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னுமொரு கடமை உண்டு. வகுப்பில் ஒரு மாணவி மேசைமீது தலையைச் சாய்த்திருந்தால், மாதந்தோறும் பரீட்சைக்கு வராதிருந்தால், சாயத்தேநீர் குடித்துப் படுத்தெழுந்தால் சரியாகும் என்று வீட்டார் அனுப்பிவைத்திருந்தால், அதை இயற்கை என்று நாம் ஒதுக்கிவிடுதல் ஆகாது. மாதவிடாய் இயற்கை, பள்ளிக்கு வரவிடாது ஒருத்தியை வீழ்த்தும் நோவும், மணிக்கணக்கில் துணி நனைக்கும் குருதிப்போக்கும் இயற்கையென்று பொறுத்துக்கொள்ளத்தக்கவை அல்ல. வைத்தியரிடம் காட்டவேண்டியவை. நோவைத் தணிக்கும் மருந்தும், குருதிப்போக்கைக் குறைக்கும் மருந்தும், ஓமோன் மருந்தும், கருப்பையினுள் வைக்கும் ஓமோன் வளையமும் இன்று உண்டு. சத்திரசிகிச்சை ஒன்றே வழி என்ற காலம் கடந்துவிட்டது. இதனை உயிரியற் பாடத்தில் மாணவிகளுக்கு மட்டுமன்றி மாணவருக்கும் சொல்லவேண்டும். நாளை மேற்பார்வையாளராகவும் கணவராகவும் லீவுப் புத்தகம் எழுதுபவராகவும் வரப்போகின்றவர் அவர்களுமல்லவா?

வள்ளுவர் இன்னா செய்யாமையைப்பற்றிக் கூறுமிடத்து, பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோயாகக் கருதிக் காக்காதவனுக்கு அறிவினாற் பயன் யாது என்று வினவினார். அவர் காலத்தில் நோயும் நோவும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. அவை பிரிந்தமையால் மருத்துவம் பெற்ற நன்மை பெரிது. அதனை நாம் இழக்க விரும்பவில்லை. காரணத்தைத் தேடுவோர் தமது ஐயத்தோடு தேடட்டும். வெட்டியும் படம்பிடித்தும் பரம்பரையலகை ஆராய்ந்தும் அவர்கள் காணப்போகும் உண்மை எம்முடையதுமாகும். ஆயினும் அவ்வுண்மை கிடைக்கும்வரை நோகின்றவர் காத்திருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை எமக்கில்லை.

அவ்வாசிரியை இன்றும் அதே பாடசாலையிற் கணிதம் கற்பிக்கின்றார். லீவுப் புத்தகம் வேறொருவர் கைக்கு மாறிவிட்டது. சென்ற தவணையில் இளம் ஆசிரியை ஒருவர் தொடர்ந்து மூன்றாம் மாதமும் லீவு கேட்டபோது, காரணம் என்ன எழுதுவது என்று அட்டவணை எழுதுபவர் கேட்டார். 'சுகவீனம் எண்டு எழுதுங்கோ, அது காணும்' என்றார் கணித ஆசிரியை. அந்த இளம் ஆசிரியையின் இரண்டு பாடங்களையும் அவரே எடுத்தார். மூன்றாவதை நாம் எடுத்தோம்.